கிருஷ்ணன்கோவில் முக்கில் சூடாகும் வண்டி

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. அடுப்பில் ஏதாவது கொதித்தால் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். பாதியில் எழுந்து போனால் இந்தக் கதைக்குக் கோபம் வரும். இது பேய்க்கதை இல்லை, ராசா ராணிக் கதையும் இல்லை. நோயாளியை ஏற்றுவதற்கென்றே வாங்கி, எந்த நோயாளியும் ஏறிவிடாதபடி கண்ணும் கருத்துமாகக் காக்கப்பட்ட ஒரு வண்டியின் கதை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், தப்பில்லை. அந்த வண்டிக்குள் ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அவள் பெயர் குருவம்மாள். ஊர் கூமாப்பட்டி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். புருசன் போய்ச் சேர்ந்து ஆறு வருசம். அவன் தங்கை சுடலைமாடத்தி, கட்டிக்கொடுத்த இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்தவள், இவளோடுதான் இருந்தாள். ஒரே கூரை, ஒரே உலை. சுடலைமாடத்தி வாயைத் திறந்தால் கண்மாய் மடையைத் திறந்த மாதிரி. குருவம்மாள் வாயைத் திறப்பதே அபூர்வம். அந்த வாய்க்குள்தான் புண் வந்தது.

ராமநாதபுரத்திலிருந்து நம் பக்கத்தைப் பிரித்துப் புது மாவட்டம் ஆக்கி இரண்டு வருசம் ஆகியிருந்த சமயம். வலது கன்னத்தின் உள்ளே, புகையிலையை அடக்கிவைக்கிற அதே இடத்தில், கொட்டைப்பாக்கு அளவில் ஒரு புண். பச்சிலைக்கு ஆறவில்லை, வத்திராயிருப்பு டாக்டர் ஊசிக்கும் ஆறவில்லை. மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஜயலக்ஷ்மி என்று ஒரு டாக்டரம்மா. குருவம்மாளின் வாயை விரலால் அளந்து பார்த்தார். மூன்று விரல் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றுதான் நுழைந்தது.

புற்றுநோய்தான், ஆனால் கத்தி வேண்டாம், கரண்டு வைத்தே, அதாவது கதிர் பாய்ச்சியே கரைத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. முப்பது கரண்டு. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். வலிக்காது, சுடாது, மிஷினுக்கு அடியில் அசையாமல் படுத்திருந்தால் போதும். எங்கே கரண்டு பாய வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கன்னத்தின் மேல் ஊதா மையால் சதுரமாகக் கோடு போட்டார். சோப்பு ஆகாது, மஞ்சள் ஆகாது, கோடு அழியவே கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியமாக, நடுவில் நாள் விடக் கூடாது. விட்டால் செத்தது போக மிஞ்சியது மறுபடி முளைத்துவிடும்.

குருவம்மாளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாதிக் களையைப் பறித்துவிட்டு வரப்பேறினவள் வயல் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா.

ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை. தினம் வந்து போக வேண்டும். ஆறு வாரத்துக்கு இரண்டு பேருக்கு பஸ்ஸுக்குக் கொடுக்க அவளிடம் என்ன இருக்கிறது, இரண்டு வெள்ளாட்டைத் தவிர? அதற்கும் வழி சொன்னார் டாக்டரம்மா. இந்த மாதிரி கிராமத்து ஜனங்களுக்காகவே ராஜபாளையத்தில் ஒரு கழகம் இருக்கிறது, தினமும் மதுரைக்கு இலவசமாக வண்டி விடுகிறது, அதில் வந்துவிடு என்றார். நல்ல மனசோடு சொன்னார். அவர் அந்த வண்டியைப் பார்த்ததில்லை.

கழகத்தின் பெயர் ‘ஊரகப் புற்றுநோயாளர் கதிர்சிகிச்சைப் பயண நல்வாழ்வுக் கழகம்’. பலகைக்குச் சுவர் போதாமல் ‘கழகம்’ மட்டும் முக்குத் திரும்பி அடுத்த சந்தில் இருந்தது. அதற்கு இரண்டு பிரிவுகள். வண்டிப் பிரிவு ராஜபாளையத்தில், சரிபார்ப்புப் பிரிவு ஸ்ரீவில்லிபுத்தூரில். தலைவர் ஆவுடையப்பன், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். தொடக்க விழாவில் அவர் பேசியதை அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். “கதிர் என்பது கண்ணுக்குத் தெரியாமல் வேலை செய்வது. நமது தொண்டும் அவ்வாறே. இக்கழகம் செய்யும் நன்மை இதுவரை எவர் கண்ணிலும் பட்டதில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.”

வண்டிப் பிரிவுச் செயலாளர் சம்பத்குமார் சட்டை மடிப்புக் கலையாத மனிதர். அவருக்குப் பின்னால், ஜன்னல் வழியே, பன்னிரண்டு இருக்கை உள்ள வெள்ளை வண்டி தெரிந்தது. வாங்கிப் பத்து மாசமாகியும் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. குருவம்மாள் டாக்டரம்மா கொடுத்த சீட்டை நீட்டினாள். அவர் அதைப் படித்துவிட்டு, சீட்டு மருத்துவமனைக்கு உரியது, கழகத்துக்கு உரியது அல்ல என்று திருப்பிக் கொடுத்தார். கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். கோடு நான்கூடப் போடலாம் என்றார்.

“வாயத் தொறந்து காட்டச் சொல்லுங்கய்யா, புண்ணு தெரியும்” என்றாள் சுடலைமாடத்தி.

“புண் எங்க பாரத்துல இல்லம்மா. கோடுதான் இருக்கு.”

அந்தக் கோடு அசலா போலியா என்று பார்த்துச் சொல்ல வேண்டியது சரிபார்ப்புப் பிரிவு. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பிப் போனார்கள். ரத வீதியில் ஒரு மாடி அறை. அதிகாரி பாஷ்யம் பெரியவர், தன்மையானவர். உட்காரச் சொன்னார், மின்விசிறியை இவர்கள் பக்கம் திருப்பினார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கோட்டைக் கண்ணாடி போட்டும் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். நல்ல கோடுதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அசலை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அசலை வாங்கினால் பத்திரமாகத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பு வந்துவிடும். நகல்தான் வேண்டும்.

கன்னத்துக்கு நகல் எடுப்பது எப்படி? போட்டோ பிடித்தார்கள். ஸ்டுடியோக்காரர் மூன்று தரம் விளக்கை மாற்றி மாற்றிப் பிடித்தார். கறுப்புக் கன்னத்தில் ஊதாக் கோடு, கறுப்பு வெள்ளைப் படத்தில் மருந்துக்குக்கூட விழவில்லை. பென்சிலால் வரைந்து தரட்டுமா தாயி என்று கேட்டார். பொய்க்கோடு ஆகிவிடுமே என்று குருவம்மாள் பயந்து வேண்டாம் என்றுவிட்டாள்.

பாஷ்யம் படத்தை வாங்கிப் பார்த்தார். முகத்தில் வருத்தம் படர்ந்தது. படத்தில் கோடு இல்லை, ஆகவே படத்தில் இருப்பவர் நோயாளி இல்லை. படத்தில் இருப்பவர் குருவம்மாள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆகவே, என்று ஆரம்பித்து, அதற்கு மேல் சொல்ல மனசு வராமல் நிறுத்திக்கொண்டார். கண்ணை மூடிச் செத்த நேரம் யோசித்தார். பிறகு ஒரு தடித்த புத்தகத்தைப் புரட்டினார்.

“நகல் எடுக்க முடியாத சந்தர்ப்பத்துல அசலையே சரிபார்த்து முத்திரை வைக்கலாம்னு ஒரு விதி இருக்கு. செத்த அசையாம இருங்கோம்மா.”

வட்ட முத்திரையை எடுத்தார். மைப்பெட்டியில் ஒற்றினார். வாயால் ஊதி ஈரப்படுத்தினார். குருவம்மாளின் வலது கன்னத்தில், சதுரத்தை ஒட்டி, ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அழுத்தினார். அதற்குள் தேதியும் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். வலித்ததா என்று அன்போடு கேட்கவும் செய்தார்.

படியிறங்கும்போது சுடலைமாடத்தி சொன்னாள்: “கவலய விடுங்க மதினி. இனி ஒங்களத் தபால்பெட்டியில போட்டாக்கூட மதுரைக்குப் போய்ச் சேந்திருவீக.”

பாஸ் கிடைத்தது. திங்கட்கிழமை கருக்கலில் கூமாப்பட்டியில் முதல் பஸ் ஏறினார்கள். உங்களுக்குத் திசை சொல்லிவிடுகிறேன். கூமாப்பட்டியிலிருந்து வத்திராயிருப்பு வழியாக வந்தால் கிருஷ்ணன்கோவிலில் பெரிய ரோடு சேரும். இடது கைப்பக்கம் போனால் மதுரை. வலது கைப்பக்கம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர், அதைத் தாண்டி ராஜபாளையம். மதுரைக்குப் போகவேண்டிய குருவம்மாள் வலப்பக்கம் போனாள். ராஜபாளையத்தில் இறங்கி, கழக வண்டியில் ஏறி, வந்த ரோட்டிலேயே திரும்பி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, ஒன்றரை மணி நேரம் கழித்து மறுபடி அதே கிருஷ்ணன்கோவில் முக்குக்கு வந்துசேர்ந்தாள்.

“இந்த முக்குலயே நாங்க நின்னுகிட்டா ஆகாதா பாய்?” என்று டிரைவரைக் கேட்டாள் சுடலைமாடத்தி.

டிரைவர் சேக் முகைதீன் தலையை ஆட்டினார். ஏறுமிடம் ராஜபாளையம் மட்டும் என்று விதி. வேறெங்கும் நிறுத்தினால் அவர் வேலை போய்விடும். பன்னிரண்டு இருக்கையில் இரண்டு பெண்கள். பிளாஸ்டிக் உறையில் வழுக்கி வழுக்கி மதுரைக்குப் போனார்கள்.

அங்கே ஜயலக்ஷ்மி டாக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். வட்டம் சதுரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேர்வையில் இரண்டு ஊதாவும் கலந்து, எது கரண்டு பாய வேண்டிய கோடு, எது பாஷ்யத்தின் கையெழுத்து என்று பிரித்தறிய முடியவில்லை. யார் செய்த வேலை இது என்று கேட்டார். சரிபார்த்தார்கள் என்றாள் குருவம்மாள். டாக்டரம்மா பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து எல்லாவற்றையும் துடைத்தெடுத்தார். புதுக்கோடு போட மறுபடி அளக்க வேண்டும். அளக்கிற நாள் வியாழக்கிழமை. மூன்று நாள் போயிற்று.

வியாழக்கிழமை காலையில் ராஜபாளையத்தில் வண்டிப் படியில் கால் வைத்தபோது சம்பத்குமார் பாஸை வாங்கிப் பார்த்தார், கன்னத்தையும் பார்த்தார். சரிபார்த்த கோடு எங்கே? டாக்டர் அழித்துவிட்டார். முத்திரை? அதையும் அழித்துவிட்டார். சரிபார்க்கப்பட்டதை அழிக்க டாக்டருக்கு அதிகாரம் கிடையாது என்று சம்பத்குமார் எடுத்துச் சொன்னார். தவிர, இப்போது கன்னத்தில் கோடே இல்லாததால் இவர் நோயாளி ஆகமாட்டார். வண்டி ஒருவரும் இல்லாமல் புறப்பட்டுப் போயிற்று. மதினியும் நாத்தனாரும் பஸ் நிலையத்துக்கு ஓடினார்கள். அன்றைக்குப் புதுக்கோடு விழுந்தது. முதல் கரண்டும் வைத்தார்கள்.

சனிக்கிழமை மறுபடி பாஷ்யத்திடம் போனார்கள். அவருக்கு இவர்களைப் பார்த்ததில் சந்தோஷம். புதுக்கோட்டைச் சரிபார்க்கத் தடையொன்றும் இல்லை என்றார். முதலில் பழையதை ரத்து செய்ய வேண்டும், அவ்வளவுதான். பழையது எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் ‘ரத்து’ முத்திரை வைத்து, அதற்குப் பக்கத்தில் புது முத்திரை வைத்தால் ஒழுங்காகிவிடும். சொல்லிக்கொண்டே முத்திரையை மையில் ஒற்றினார்.

சுடலைமாடத்தி குறுக்கே போய் நின்றாள். “சாமி, எங்க மதினி மூஞ்சி என்ன ரேசன் கார்டா? எம்புட்டுதான் குத்துவீக? பக்கம் தீந்துபோச்சு.”

பாஷ்யம் கையை ஓங்கியபடியே காத்திருந்தார். அவருக்கு இது கோபப்பட வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை. அப்போதுதான் குருவம்மாள் பேசினாள். கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, ஒரு விரல் அகலம் திறக்கிற வாயால் மெதுவாகச் சொன்னாள்.

“வேண்டாம்யா. இந்தக் கோட்டுக்குள்ளதான் என் உசுரு இருக்கு.”

அவர் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, ‘விண்ணப்பதாரர் சரிபார்ப்புக்கு உடன்படவில்லை’ என்று அழகான கையெழுத்தில் எழுதினார். ‘ரத்து’ முத்திரை வீணாகாமல் பாஸின் மேல் விழுந்தது.

பஸ் காசுக்கு ஒரு வெள்ளாடு போயிற்று, இன்னொன்றும் போயிற்று. ஆறு கரண்டு முடிந்தது. ஏழாவது நாள், வெள்ளிக்கிழமை, கிருஷ்ணன்கோவில் வரைக்கும் வர முடிந்தது. அதற்கு மேல் கையில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு விட்டால் சனி, ஞாயிறு. மூன்று நாள் களை வளர்ந்துவிடும். குருவம்மாள் முக்கில் நின்றுகொண்டு மதுரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமாடத்தி காலி முந்தி முடிச்சை அவிழ்த்து உதறிப் பார்த்தாள்.

வெள்ளை வண்டி வந்தது. உள்ளே பன்னிரண்டு இருக்கையும் காலி. நோயாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி தினம் மதுரை போய் வர வேண்டும். போகாவிட்டால் டீசலை வெட்டிவிடுவார்கள். இவர்களைத் தாண்டிப் போன வண்டி நூறடி தள்ளி நின்றது. அப்படியே பின்னால் நகர்ந்து இவர்கள் பக்கம் வந்தது. சேக் முகைதீன் இறங்கினார்.

இருபது வருசம் செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கு லாரி ஓட்டியவர் அவர். திரும்புகால் சவாரிக்குச் சரக்கு இல்லையென்றால் தேங்காய் மட்டையாவது ஏற்றிக்கொண்டு வருவாரே தவிர, வெறும் லாரியை ஓட்டினதில்லை. இந்த வண்டிக்கு வந்த நாளிலிருந்து காலி இருக்கைகளைச் சுமந்து சுமந்து அவருக்கு முதுகு வலித்தது.

“ஏறுமிடம் ராஜபாளையம்னுதான் தாயி விதி. ஆனா வண்டி சூடானா எங்க நிறுத்தணும்னு விதியில இல்ல. இப்ப சூடாயிருச்சு. நான் பானெட்டத் தொறந்து ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தப் போறேன். முன்னால நிக்கிறவனுக்குப் பின்னால யாரு ஏறுதாகன்னு எப்படித் தெரியும்?”

அவர் தண்ணீர் ஊற்றினார். பின்கதவு திறந்து மூடிய சத்தம் அவர் காதில் விழவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு இருபதுக்கு அந்த முக்கில் வண்டி சூடானது. சேதி எப்படியோ பரவியது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த பரிபூரணம் என்பவர் தொண்டைக்குக் கரண்டு வைக்க வருகிறவர், அவர் வந்தார். தளவாய்புரத்திலிருந்து தறிக்காரத் தம்பதி ஒன்று வந்தது. வருகிறவர்கள் ஆளுக்கொரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வெறுங்கையோடு நின்றால் நோயாளிகள் வண்டிக்குக் காத்திருப்பதுபோல் ஆகிவிடும். செம்போடு நின்றால் சூடான வண்டிக்கு உதவ வந்த பொதுமக்கள். டீக்கடைக்காரர் இது ஏதோ சாமிக்கு நேர்ச்சை என்று நினைத்துத் தானும் இரண்டு நாள் ஒரு குடம் ஊற்றினார்.

சேக் முகைதீன் பொய் சொல்லத் தெரியாதவர். வண்டியின் பயணப் புத்தகத்தில் தினமும் ‘7.20, கிருஷ்ணன்கோவில், சூடு’ என்று ஒழுங்காக எழுதிவந்தார். இரண்டு வாரம் கழித்துச் சம்பத்குமார் அதைப் படித்தார். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் எப்படிச் சூடாகும் என்று கேட்டார். அதான் சார் எனக்கும் புரியல என்றார் டிரைவர். நடப்பது விதியில் இல்லாமல் நடக்கிறதே என்று சம்பத்குமாருக்கு இரண்டு நாள் தூக்கம் கெட்டது. மூன்றாம் நாள் ஓர் ஆணை போட்டார்: ‘கழக வண்டி கிருஷ்ணன்கோவிலில் காலை 7.20 மணிக்குச் சூடாக இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது. பிற நேரங்களில் சூடாகக் கூடாது.’

இப்படியாகக் கரண்டு எண்ணிக்கை ஏறியது. பத்தாவதில் வாய் முழுக்க வெந்துபோனது. சுடலைமாடத்தி கஞ்சியைக் காய்ச்சி, ஆற்றி, துணியில் வடிகட்டிக் கொடுத்தாள். உப்பே போடாத கஞ்சி குருவம்மாளுக்கு உப்புக் கரித்தது. பதினைந்தில் சதுரத்துக்குள் தோல் கருகி உரிந்தது. சாகிறதுக்கு இம்புட்டு மெனக்கெடணுமா ஏட்டி என்று ஒருநாள் நாத்தனாரைக் கேட்டாள். பொழைக்கிறதுக்குத்தான் மதினி மெனக்கெடணும், சாகிறது சும்மாவே வந்துரும் என்றாள் அவள். இருபத்திரண்டாவது நாள் டாக்டரம்மா விரலை விட்டு அளந்தார். இரண்டு விரல் போயிற்று. புண் சுருங்கி மிளகளவு ஆகியிருந்தது. இந்தக் கட்டத்தில் மட்டும் நாளை விட்டுவிடாதே, இதுவரை பட்டதெல்லாம் பாழாகிவிடும் என்று எச்சரித்து அனுப்பினார்.

இருபத்தேழாவது கரண்டு ஒரு வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் முக்கில் இறக்கிவிடும்போது சேக் முகைதீன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். கழகத்தின் ஆண்டறிக்கை வந்துவிட்டது. வரப்பெற்ற விண்ணப்பம் ஒன்று, வழங்கிய பாஸ் ஒன்று, ரத்து ஒன்று, மீதி நோயாளிகள் இல்லை. தலைவர் அதைப் படித்துவிட்டு, நம் வட்டாரத்தில் புற்றுநோயே ஒழிந்துவிட்டது என்ற முடிவுக்கு வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வெற்றி விழா. திங்கட்கிழமை வண்டியை மதுரையில் கழகம் சாமான்களைப் பூட்டிவைக்கிற தலைமைக் கிட்டங்கியில் ஒப்படைத்துவிட வேண்டும்.

இன்னும் மூன்று கரண்டு பாக்கி. விற்க ஆடு இல்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் விழாவுக்குப் போனார்கள். சண்டை போட இல்லை. மூன்றே மூன்று நாள் கேட்டு வாங்க.

பந்தல், ஒலிபெருக்கி, மாலை போட்ட வண்டி. ஆவுடையப்பன் பேசினார். “ஓராண்டுக் காலம் நமது வண்டி ஒருநாள் தவறாமல் மதுரை வரை சென்று நோயாளிகளைத் தேடியது. ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. மற்ற அமைப்புகள் தாங்கள் கவனித்த நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்டிப் பெருமை பேசுகின்றன. நோயாளிகள் இருக்கும்வரை அதில் என்ன பெருமை? ஒரு நோயாளிகூட இல்லாத ஒரே கழகம் நம்முடையது. இதற்காக நாம் ஒரு மாத்திரைகூடச் செலவிடவில்லை.” கைதட்டல் அடங்கியதும், யாருக்காவது ஐயம் இருந்தால் கேட்கலாம் என்றார்.

குருவம்மாள் எழுந்தாள். எழுந்தது அவளுக்கே ஆச்சரியம். “அய்யா, எனக்கு இன்னும் மூணு கரண்டு பாக்கி. வண்டிய மூணு நாளைக்கு மட்டும் விடுங்க.”

தலைவர் குனிந்து சம்பத்குமாரிடம் ஏதோ கேட்டார். அவர் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். தலைவர் முகம் மலர்ந்தது. அவளை மேடைக்கு அழைத்தார்.

“கேட்டீர்களா? இந்தத் தாயார்தான் நமது ஒரே விண்ணப்பதாரர். நோயாளியாக நம்மிடம் வந்தவர். இன்று நமது பதிவேட்டின்படி நோயாளி அல்லர். இதைவிடச் சான்று வேண்டுமா?”

பொன்னாடை போர்த்தினார்கள். போட்டோ எடுத்தார்கள். பதில் சொல்ல ஒலிபெருக்கி அவள் உயரத்துக்கு இல்லை. தேசிய கீதம் ஆரம்பித்துவிட்டது. எல்லோரும் அசையாமல் நின்றார்கள், அவளும் நின்றாள். கீழே இறங்கி வந்ததும் சுடலைமாடத்தி பொன்னாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நல்ல கெட்டித் துணி மதினி, கஞ்சி வடிகட்ட ஆகும் என்றாள். சொல்லி முடிக்குமுன் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை, வேறு போக்கிடம் தெரியாமல்தான் முக்குக்கு வந்தார்கள். ஏழு இருபதுக்கு வண்டி சூடாகி நின்றது. விழாவில் போட்ட மாலை இன்னும் வாடவில்லை. ஒப்படைக்க மதுரைக்குத்தானே போகிறேன், வழியில் சூடாகக் கூடாது என்று யாரும் ஆணை போடவில்லையே என்றார் சேக் முகைதீன். ஐந்து பேரும் ஏறினார்கள். இன்றைக்கு ஒன்று கிடைத்தது. நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் என்ன செய்வது?

இவர்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு டிரைவர் கிட்டங்கிக்குப் போனார். அங்கே ஒரு காப்பாளர். அவரிடம் வண்டியில் இருக்க வேண்டிய சாமான்களின் பட்டியல், மொத்தம் ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டும் இருந்தால்தான் அது வண்டி. ஒன்று குறைந்தாலும் வண்டியாகக் கருதப்படாது, கிட்டங்கிக்குள் நுழையக் கூடாது. அவர் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்பக்கம் ஸ்டெப்னி இல்லை. எங்கே என்று கேட்டார். சேக் முகைதீன் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஊரிலேயே மறந்து வைத்துவிட்டேனே என்றார். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போ, முழுசாகக் கொண்டு வா என்று உத்தரவானது.

சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் அதே வெள்ளை வண்டி நிற்பதைப் பார்த்துக் குருவம்மாளுக்குத் திகைப்பு. என்னாச்சு பாய் என்று கேட்டாள்.

“வயசாகுதுல்ல தாயி. மறதி.”

செவ்வாய்க்கிழமை ஸ்டெப்னி வந்துவிட்டது, ஜாக்கி இல்லை. காப்பாளர் ‘ஏற்கப்படவில்லை’ என்று எழுதினார். புதன்கிழமை ஜாக்கியும் வந்தது. வீல் ஸ்பேனரைக் காணோம். நாளுக்கொரு குறை கண்டுபிடித்ததில் காப்பாளர் முகத்தில் ஒரு களை வந்திருந்தது. இருபது வருசமாக வண்டி ஓட்டியவருக்கு இவ்வளவு மறதி கூடாது என்று அவர் சேக் முகைதீனைக் கடுமையாகக் கண்டித்தார். இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

அந்தப் புதன்கிழமைதான் முப்பதாவது கரண்டு. மிஷினை நிறுத்தியதும் டாக்டரம்மா வந்து வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார். புண் இருந்த இடத்தில் வெந்த தோல்தான் இருந்தது, புண் இல்லை. ஒரு மாசம் கழித்து வா, இனி கோட்டை அழித்துக்கொள்ளலாம் என்றார். குருவம்மாள் ஆஸ்பத்திரிக் குழாயடியில் நின்று கன்னத்தைக் கழுவினாள். சுடலைமாடத்தி பொன்னாடை முனையால் துடைத்துவிட்டாள்.

திரும்பும் வழியில் எல்லோரும் அவளுக்காகச் சந்தோஷப்பட்டார்கள். ஆலங்குளத்துப் பரிபூரணமும் சிரித்தார். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கு இன்னும் ஒன்பது பாக்கி. குருவம்மாள் அதைப் பார்த்தாள். மூன்று நாளாக விளங்காதது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எழுந்து, இருக்கைக் கம்பியைப் பிடித்தபடி முன்னால் போய், டிரைவரின் காதருகே குனிந்து கேட்டாள்.

“நாளைக்கு எத மறப்பீக பாய்?”

சேக் முகைதீன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வைப்பர் ரெண்டு இருக்கு. பக்கவாட்டுக் கண்ணாடி ரெண்டு இருக்கு. ஆரன் இருக்கு, மருந்துப் பெட்டி இருக்கு, இன்னும் என்னவெல்லாமோ இருக்கு. ஒம்பது நாளைக்குத் தாராளமா மறக்கலாம் தாயி.”

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போய் உலையைப் பாருங்கள். உங்கள் வீட்டில் யாருக்கும் மதுரை வரை போகிற நோய் வராமல் இருக்கட்டும். தப்பித் தவறி வந்தாலும் வந்த சுவடு தெரியாமல் கரைந்துபோகட்டும். உங்கள் பிள்ளைகள் எந்தப் பலகைக்குக் கீழேயும் கைகட்டி நிற்காமல் வளரட்டும். போகிற வழி தூரமாக இருந்தால், உங்களுக்காக வேண்டியதை நினைவாக மறக்கிற ஒரு மனுசன் அந்த வழியில் வந்து வாய்க்கட்டும். குலம் தழைத்து, குடி விளங்கி, நல்லா இருங்கள்.